செத்தா வட்டி, இருந்தா அபராதம்! சிறுதொழில் செய்யறவங்க பேங்க் வாசல்ல படுற பாடு

தோழர்களே, ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

நடப்புக் கணக்குல, அதாங்க கரண்ட் அக்கவுன்ட்ல, போட்டு வைக்கிற பணத்துக்கு எப்போ வட்டி கிடைக்கும் தெரியுமா?

கணக்கு வச்சிருக்கவர் செத்த பிறகு.

ஜோக் இல்ல. ரிசர்வ் வங்கியோட வைப்புத்தொகை வட்டி வழிகாட்டுதல்ல எழுதியே இருக்கு. நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. ஆனா தனி உரிமையாளர் இறந்துட்டா, இறந்த தேதியில இருந்து வாரிசு கையில பணம் போய்ச் சேர்ற தேதி வரைக்கும் சேமிப்புக் கணக்கு வட்டி உண்டு. உயிரோட உழைச்சு வியாபாரம் பண்ற வரைக்கும் பூஜ்யம். அதோட விட்டாங்களா? குறைஞ்சபட்ச இருப்பு இல்லன்னா அபராதம், ரொக்கம் அதிகமா கட்டினா கட்டணம், செக் புக்குக்குக் கட்டணம், இதெல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி.

சரி, கணக்கு இருக்கறவங்க கதை இது. அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாம வாசல்ல நிக்கறவங்க கதை தெரியுமா? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒருத்தருக்குக் கட்டாயம் உதவும்.

திருப்பூர்ல ஒரு அக்கா

நான் இன்ஜினியரிங் முடிச்சவன். திருப்பூர்ல நம்ம வார்டு அலுவலகத்துல சாயங்காலம் ஒரு லேப்டாப்போட உட்காருவேன். ரேஷன் கார்டு திருத்தம், சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகைன்னு வர்றவங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கறதுதான் வேலை. போன ஆடி மாசம் எங்க தெரு அக்கா ஒருத்தர் வந்தாங்க. பேர் வேண்டாம்.

14 வருஷம் பனியன் கம்பெனில டெய்லரா இருந்தவங்க. சீட்டு எடுத்து, நகையை அடகு வச்சு, செகண்ட் ஹேண்ட்ல நாலு மெஷின் வாங்கினாங்க. ஓவர்லாக் ரெண்டு, பேட்லாக் ஒன்னு, சிங்கர் ஒன்னு. வாடகை வீட்டுக்குப் பின்னாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். கூட மூணு பொம்பளைங்க. பிசிர் வெட்ட அக்காவோட மாமியார். கட்டிங் பீஸ் வந்தா தைச்சு அனுப்பணும். இதுதான் தொழில்.

பீஸ் யார் கொடுக்கறாங்க? கம்பெனி நேரா கொடுக்காது. நடுவுல ஒரு காண்ட்ராக்டர். பீஸுக்கு 2 ரூபாய் அவர் பிடிச்சுக்குவார். ஒரு நாளைக்கு 300 பீஸ் போகும். கணக்குப் போட்டுப் பாருங்க. தினம் 600 ரூபாய். மாசம் 25 நாள்னா 15,000 ரூபாய். ஊசி பிடிக்காத கைக்கு.

அக்கா ஒரு கம்பெனிக்கே நேரா போய்ப் பேசினாங்க. தீபாவளி ஆர்டர் இருந்துச்சு. அவங்களும் "தாராளமா எடுத்துக்கோங்க, ஆனா பணம் பேங்க்லதான் போடுவோம். உங்க யூனிட் பேர்ல கரண்ட் அக்கவுன்ட் வேணும். கேன்சல் பண்ண செக் ஒன்னு கொடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. கம்பெனி மேல தப்பு சொல்ல முடியாது. அவங்க கணக்கு ஆடிட்டுக்குப் போகுது.

அப்போ அக்காவுக்கும் அந்த மாசம் 15,000 ரூபாய்க்கும் நடுவுல நின்னது ஒரே ஒரு செக் லீஃப். அதை வாங்க எத்தனை நாள் ஆச்சு தெரியுமா?

47 நாள். அஞ்சு நடை.

அஞ்சு நடையும் நடந்தது இப்படித்தான்

முதல் நடை. ஒரு பொதுத்துறை வங்கிக் கிளை. கையில கொடுத்த விண்ணப்பம் இங்கிலீஷ், இந்தி. தமிழ் இல்ல. "ஜிஎஸ்டி இருக்கா மேடம்?" "இல்லைங்க." "ஜிஎஸ்டி எடுத்துட்டு வாங்க." மூணு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. அக்கா செய்யறது ஜாப் ஒர்க். ஜிஎஸ்டியில அது சேவைக் கணக்குல வரும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் பதிவு கட்டாயமே இல்ல. பொருள் விக்கறவங்களுக்கு அந்த எல்லை 40 லட்சம். அரசாங்கமே "உனக்கு வேண்டாம்"னு விலக்கு கொடுத்த ஒன்னை, அரசாங்கத்தோட பேங்க் "கொண்டு வா"ங்குது.

"எடுத்தா என்ன கெட்டுப் போச்சு?"ன்னு கேக்கலாம். எடுத்த பிறகு வேலையே இல்லாத மாசத்துக்கும் ரிட்டர்ன் போடணும். மறந்தா ஒன்னுமில்லாத ரிட்டர்னுக்கே நாளைக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஆடிட்டர் செலவு தனி. இதுல இன்னொரு கூத்து இருக்கு. ஜிஎஸ்டி பதிவு கிடைச்சு 30 நாளுக்குள்ள பேங்க் கணக்கு விவரம் கொடுக்கணும்னு விதி. கொடுக்கலன்னா பதிவு முடக்கம். பேங்க் கேக்குது ஜிஎஸ்டி எங்கன்னு. ஜிஎஸ்டி கேக்குது பேங்க் கணக்கு எங்கன்னு. கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதேதான்.

ரெண்டாவது நடைக்கு முன்னாடி யாரோ சொல்லி உத்யம் பதிவு எடுத்தாங்க. பிரவுசிங் சென்டர்ல 1,500 ரூபாய் வாங்கிட்டாங்க. தோழர்களே, இதைக் கொட்டை எழுத்துல எழுதி வச்சுக்கோங்க: உத்யம் பதிவு இலவசம். 2020 ஜூலை 1ல இருந்து நடக்குது. ஆதார், பான் எண் போதும், எந்தக் காகிதமும் ஏத்த வேண்டாம், நீங்களே அறிவிச்சுக்கலாம். அக்கா அதை எங்ககிட்ட வந்து கேட்டிருந்தா 15 நிமிஷ வேலை. முதல்லயே ஏன் வரலன்னு கேட்டேன். "கட்சி ஆபீஸ்ல இதெல்லாம் செய்வீங்கன்னு யாருக்கு கண்ணு தெரியும்?"ன்னாங்க. அது நம்ம மேல உள்ள குறை. ஒத்துக்கறேன்.

பேங்க்ல உத்யம் சான்றிதழைக் காட்டினா, "இது ஒன்னுதானே, இன்னொன்னு வேணும். கடைச் சட்டத்துல பதிவு பண்ண சான்றிதழ் கொண்டு வாங்க." தமிழ்நாட்டுல அந்தப் பதிவு பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துக்குத்தான். நாலு மெஷின் ஷெட்டுக்கு எங்க போய் வாங்கறது?

மூணாவது நடை. "சரி, கரண்ட் பில் கொடுங்க." பில் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. "அப்போ அவர்கிட்ட ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க." வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா? "எழுதிக் கொடுத்தா வீட்டு லைனைக் கமர்ஷியலா மாத்திடுவாங்கம்மா, வம்பு வேண்டாம்"னுட்டார். அவர் பயம் அவருக்கு.

நாலாவது நடைதான் உச்சம். "பண்ணித் தரலாம் மேடம், ஆனா சராசரி இருப்பு 10,000 வச்சே ஆகணும். அப்புறம் நம்ம கிளையில ஒரு இன்சூரன்ஸ் இருக்கு. வருஷம் 12,000தான். போட்டீங்கன்னா சீக்கிரம் முடிச்சிரலாம்."

வெளிய வந்து அக்கா என்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு. "நான் கணக்கு தொறக்க வந்தனா, சாவுக் கணக்கு பாக்க வந்தனா கண்ணு?"

விதி என்ன சொல்லுது?

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து ரிசர்வ் வங்கியோட கேஒய்சி முதன்மை வழிகாட்டுதலைப் படிச்சேன். நாலு வருஷம் இன்ஜினியரிங்ல படிக்காத அளவுக்குக் கவனமா படிச்சேன். தனி உரிமையாளர் நிறுவனத்துக்குக் கணக்கு தொடங்க என்ன வேணும்னு அதுல தெளிவா இருக்கு.

உரிமையாளரோட அடையாளச் சான்று. அதோட தொழில் நடக்குதுன்னு காட்ட ஏதாவது ரெண்டு ஆவணம். அந்தப் பட்டியல்ல என்னென்ன இருக்கு? உத்யம் உட்பட பதிவுச் சான்றிதழ். உள்ளாட்சி கொடுத்த உரிமம். விற்பனை, வருமான வரிக் கணக்கு. ஜிஎஸ்டி சான்றிதழ். தொழில்வரித் துறை கொடுத்த பதிவு. ஏற்றுமதி இறக்குமதி எண். தொழில்முறை அமைப்புகளோட சான்றிதழ். மின்சார, தண்ணீர், தரைவழி போன் பில். இதுல எதுவேணா ரெண்டு. ஜிஎஸ்டிதான் வேணும்னு எங்கயும் இல்ல.

அதுக்கும் கீழ ஒரு வரி இருக்கு. அதைத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு ஆவணம் கொடுக்க வழியில்லன்னு வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டா, ஒரே ஒரு ஆவணத்தை வாங்கிக்கலாம். ஆனா வங்கி ஆளு நேர்ல வந்து, தொழில் நடக்கற இடத்தைப் பார்த்து உறுதி செஞ்சுக்கணும். அவ்வளவுதான்.

அதே வழிகாட்டுதல்ல இன்னொன்னு: வாடிக்கையாளரை ஏத்துக்கற கொள்கை, பொதுமக்களுக்கு, முக்கியமா பொருளாதாரத்துலயும் சமூகத்துலயும் பின்தங்கினவங்களுக்கு, வங்கிச் சேவையை மறுக்கறதா ஆகிடக் கூடாது. 2025ல அதோட இன்னும் ஒன்னு சேர்த்தாங்க: யோசிக்காம எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது, நிராகரிச்சா காரணத்தை அந்த அதிகாரி பதிவு செய்யணும்.

விண்ணப்பம் தமிழ்ல ஏன் இல்ல? அதுக்கும் விதி இருக்கு. கணக்கு தொடங்கற படிவம், பணம் கட்டற சீட்டு எல்லாம் மும்மொழியில, வட்டார மொழி உட்பட இருக்கணும்னு ரிசர்வ் வங்கியோட வாடிக்கையாளர் சேவைச் சுற்றறிக்கையே சொல்லுது. இந்திக்கு இடம் இருக்கற காகிதத்துல தமிழுக்கு மட்டும் எப்படி இடம் பத்தாம போகுது?

அஞ்சாவது நடைக்கு நானும் கூடப் போனேன். சண்டை போடல. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, ஒரு மனுவும் சேர்த்துக் கொடுத்தோம். "ஒரு ஆவணத்தோட விண்ணப்பிக்கிறேன், நேர்ல வந்து பார்த்துக்கோங்க, மறுத்தா காரணத்தை எழுத்துல கொடுங்க." ரெண்டு பிரதி. ஒன்னுல சீல் போட்டுக் கையெழுத்து வாங்கினோம்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிப் படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். "இது எனக்கே யாரும் சொல்லல தம்பி"ன்னார். அவர் பொய் சொல்லலன்னு நினைக்கிறேன். நாலே நாள். ஆளு வந்து ஷெட்டைப் பார்த்தாங்க, மெஷினை போட்டோ எடுத்தாங்க, கணக்கு திறந்தாச்சு. இன்சூரன்ஸ் பேச்சே வரல.

ஆனா தீபாவளி ஆர்டர் போயிருச்சு. அந்த 47 நாள்ல வேலை நடந்தது 40 நாள். தினம் 600 வீதம் 24,000 ரூபாய். காண்ட்ராக்டர் பாக்கெட்டுக்கு. யார் திருப்பிக் கொடுப்பா?

கவுன்டர்ல இருக்கற ஆள் மேல கோபம் வேண்டாம்

கிளையில உட்கார்ந்திருக்க தம்பி, தங்கச்சிங்க மேல கத்தி வீடியோ எடுக்கறதால ஒன்னும் ஆகாது. ஆள் பத்தாக்குறையில வேலை பாக்கறாங்க. மேல இருந்து இன்சூரன்ஸ் டார்கெட், மியூச்சுவல் ஃபண்ட் டார்கெட். நாலு மெஷின் அக்காவுக்கு ஒரு கணக்கு தொடங்கறதுல அவங்களுக்கு டார்கெட்டும் இல்ல, பாராட்டும் இல்ல. தப்பாப் போனா விசாரணை மட்டும் உண்டு. அப்போ எந்த மனுஷனும் "இல்ல"ன்னு சொல்றதைத்தான் தேர்ந்தெடுப்பான்.

கேள்வி கேட்க வேண்டியது இந்த அமைப்பை இப்படி வடிவமைச்சவங்களை. ஒன்றிய நிதி அமைச்சகத்தை. ரிசர்வ் வங்கியை. வங்கித் தலைமையகங்களை.

1969 ஜூலை 19 அன்னைக்கு 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினாங்க. எதுக்கு? பெரிய தொழில் குடும்பங்களுக்கு மட்டும் போய்க்கிட்டிருந்த பணம் விவசாயிக்கும் சிறுதொழிலுக்கும் போகணும்னு. அதுக்கும் முன்னாடி நம்ம ஊர் வியாபாரிங்க என்ன பண்ணாங்க? காத்துக்கிட்டிருக்கல. 1904ல கும்பகோணம், 1916ல கரூர், 1921ல தூத்துக்குடின்னு ஊர் ஊரா தங்களுக்குன்னு வங்கியே தொடங்கினாங்க. வியாபாரியோட கணக்கையும் நாணயத்தையும் தெரிஞ்சவன் நடத்தின வங்கிங்க அது. அந்த மண்ணுல இன்னைக்கு ஒரு டெய்லர் அக்கா கணக்கு தொடங்க 47 நாள் அலையணும்னா அது யாருக்கு வெட்கம்?

பெருமை பேசறவங்களுக்கு மூணு கேள்வி

ஒன்னு. 56 கோடிக்கு மேல ஜன்தன் கணக்கு தொடங்கிட்டோம்னு சொல்றீங்க. நல்லது. ஏழைக்கு இருப்பே இல்லாத கணக்கு கிடைச்சது நல்ல விஷயம்தான், மறுக்கல. ஆனா அதே ஏழை நாலு மெஷின் போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கற நிலைக்கு வந்ததும் ஏன் தண்டனை? மானியம் வாங்கற ஏழைக்குப் பூஜ்ய இருப்பு, சம்பாதிக்கத் தொடங்கின ஏழைக்கு 10,000 இருப்பா? வியாபாரப் பேர்ல சேமிப்புக் கணக்கு தொடங்க உங்க விதியில இடமில்ல. நடப்புக் கணக்குக்கு நுழைவுக் கட்டணம் மாதிரி ஒரு இருப்பு. நடுவுல இருக்கறவன் எங்க போவான்?

ரெண்டு. கீரைக் கட்டு விக்கற பாட்டிகூட யுபிஐ வாங்குதுன்னு உலகம் பூரா சொல்றீங்க. அந்தக் காசு எந்தக் கணக்குல விழுது? பெரும்பாலும் சொந்த சேமிப்புக் கணக்குல. சவுண்ட் பாக்ஸை ரெண்டு நாள்ல மாட்டிவிட ஆள் இருக்கு, அதுக்கு ஏத்த கணக்கைத் தொடங்கித் தர ஆள் இல்ல. அப்புறம் ஒருநாள் "இது வியாபார வரவு மாதிரி இருக்கே"ன்னு கேள்வி. எங்கயோ ஒரு சைபர் மோசடிப் பணம் நாலு கை மாறி டீக்கடைக்காரர் கணக்குல 60 ரூபாயா விழுந்துட்டா, மொத்தக் கணக்கும் முடக்கம். 2025 ஜூலையில பெங்களூர்ல யுபிஐ வரவை வச்சு சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனப்ப என்ன ஆச்சு? கடை கடையா "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்"னு அட்டை தொங்குச்சு. டிஜிட்டல் இந்தியாவோட அடித்தளம் எவ்வளவு பலம்னு அந்த அட்டை சொல்லிருச்சு.

மூணு. 2019-20 முதல் 2023-24 வரைக்கும் அஞ்சு வருஷத்துல குறைஞ்சபட்ச இருப்பு வைக்காததுக்காகப் பொதுத்துறை வங்கிகள் வசூலிச்ச அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய். நான் சொல்லல, 2024 ஜூலையில நாடாளுமன்றத்துல அரசாங்கமே கொடுத்த பதில். அதே நாடாளுமன்றத்துல 2025 மார்ச்ல இன்னொரு பதில்: பத்து வருஷத்துல வங்கிகள் கணக்குப் புத்தகத்துல இருந்து நீக்கின வாராக்கடன் 16.35 லட்சம் கோடி. "அது தள்ளுபடி இல்ல, வசூல் முயற்சி தொடரும்"னு விளக்கம் சொல்வீங்க. சரி, அந்த விளக்கத்தை ஏத்துக்கறேன். அப்போ பெரிய ஆளுக்குக் கணக்குப் புத்தகத்துல காட்டற அந்தப் பொறுமையில நூத்துல ஒரு பங்கை எங்க அக்காவோட 10,000 ரூபாய் இருப்புல காட்ட முடியாதா?

சேமிப்புக் கணக்குல அபராதம் போடறதுக்கு முன்னாடி தகவல் சொல்லணும், ஒரு மாசம் அவகாசம் கொடுக்கணும், எவ்வளவு குறையுதோ அதுக்கு ஏத்தபடிதான் போடணும், அபராதத்தாலயே கணக்கு மைனஸ்ல போகக் கூடாதுன்னு 2014ல ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு. நல்ல உத்தரவு. ஆனா அந்தப் பாதுகாப்பு சேமிப்புக் கணக்குக்கு மட்டும். சிறுதொழில்காரர் நடப்புக் கணக்குக்கு இல்ல. ஏன்?

"போலிக் கணக்கு வந்துருமே?"

எதிர்த்தரப்புல இதைக் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். அப்பாவிங்க பேர்ல கணக்கு தொடங்கி மோசடிப் பணத்தைக் கடத்தற கும்பல் இருக்கு. கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விடற பசங்களும் இருக்காங்க. வங்கி எச்சரிக்கையா இருக்கணும், மறுக்கல.

ஆனா கொஞ்சம் யோசிங்க. மோசடிக்காரன்கிட்ட காகிதம் இல்லாமலா இருக்கும்? அவன்கிட்ட ஜிஎஸ்டி இருக்கும், வாடகை ஒப்பந்தம் இருக்கும், பளபளன்னு ஃபிளெக்ஸ் போர்டும் இருக்கும். காகிதத்தைத் தயார் பண்றதுதானே அவன் தொழிலே. காகிதம் இல்லாதவங்க நிஜமா மெஷின் ஓட்டறவங்க. போலியைப் பிடிக்க ஒரே வழி நேர்ல போய்ப் பார்க்கறது. அதைத்தான் விதியும் சொல்லுது. ஷெட்டுக்குள்ள வந்து ஓவர்லாக் சத்தத்தை ஒரு தடவை கேட்டா தெரிஞ்சிரும், தொழில் நிஜமா பொய்யான்னு.

ஒரு கணக்குக்கு ஏன் இவ்வளவு கூப்பாடு?

கணக்குங்கறது வெறும் பாஸ்புக் இல்ல தோழர்களே. அக்காவுக்கு இப்ப நிறுவனப் பேர்ல கணக்கும் இருக்கு, உத்யம் எண்ணும் இருக்கு. அதனால என்ன மாறுது?

கம்பெனி பணம் இழுத்தடிச்சா சட்டம் பக்கத்துல நிக்கும். 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாள். தாண்டினா வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டுவட்டி. 2024 ஏப்ரல்ல இருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு நேரத்துல பணம் கொடுக்காத கம்பெனி அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்குல கழிக்கவும் முடியாது. காண்ட்ராக்டர் கையில ரொக்கமா வாங்கிக்கிட்டிருந்த வரைக்கும் இந்தச் சட்டம் எதுவும் அக்காவைத் தொடாது. காகிதத்துல அவங்க இல்லவே இல்ல.

அடுத்து கடன். முத்ரா திட்டம் 2015ல வந்துச்சு. சிசு பிரிவுல 50,000 வரைக்கும், அடமானம் இல்லாம. ஆனா கணக்குல ஒரு வருஷ வரவு செலவு காட்டினாத்தானே எந்த மேனேஜரும் நம்புவார்? கணக்கே இல்லாதவங்களுக்கு இருக்கறது தண்டல்காரரும் மீட்டர் வட்டியும்தான். கந்துவட்டியைத் தடுக்க 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு. வட்டிக்காரர் பைக் சத்தம் நின்னுச்சா? வங்கி வாசல் மூடியிருக்கற வரைக்கும் வட்டிக்கடை வாசல் திறந்தேதான் இருக்கும்.

நம்ம கோரிக்கை

1. ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழ இருக்கற, உத்யம் பதிவு உள்ள குறுந்தொழில்களுக்குப் பொதுத்துறை வங்கிகள்ல குறைஞ்சபட்ச இருப்பு இல்லாத நடப்புக் கணக்கு.

2. எந்த ரெண்டு ஆவணம், எப்போ ஒரு ஆவணம் போதும்ங்கற விதி ஒவ்வொரு கிளை வாசல்லயும் தமிழ்ல பலகையா இருக்கணும். படிவமும் தமிழ்ல.

3. விண்ணப்பம் கொடுத்து ஏழு வேலை நாள்ல கணக்கு, இல்லன்னா காரணம் எழுத்துல, விண்ணப்பிச்சவர் கையில.

4. 2014 அபராதப் பாதுகாப்பு குறுந்தொழில் நடப்புக் கணக்குக்கும் வரணும்.

5. கணக்கு தொடங்க வர்றவங்க தலையில இன்சூரன்ஸ் கட்டினா, கிளை ஊழியரை இல்ல, டார்கெட் வச்ச மேலதிகாரியைக் கேளுங்க.

6. சிறு இருப்புக்கு உயிரோட இருக்கும்போதே சேமிப்புக் கணக்கு வட்டி.

மாநிலத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகணும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட பயந்தது கரண்ட் கட்டணத்தை நினைச்சு. சான்றுக்காகக் கடிதம் கொடுத்தா மட்டும் மின் இணைப்பு வகை மாறாதுன்னு மின்வாரியம் தெளிவா சொல்லணும். மாவட்டத் தொழில் மையங்கள்ல வாரம் ஒரு நாள் வங்கிக் கணக்கு உதவி முகாம் நடத்தணும். ஒன்றியத்தை மட்டும் திட்டிட்டு இதை விட்டுட்டா அது நேர்மை இல்ல.

இன்னைக்கே நீங்க செய்யக்கூடியது

👉 உத்யம் பதிவை அரசு தளத்துல மட்டும், இலவசமா எடுங்க. ஜிஎஸ்டி வரம்புக்குள்ள வராத குறுந்தொழில்களுக்கு 2023ல இருந்து உத்யம் அசிஸ்ட் வழியும் இருக்கு.

👉 வாயால கேக்காதீங்க. எழுத்துல விண்ணப்பம் கொடுத்து, பிரதியில சீல் வாங்குங்க. வாய்ப் பேச்சுக்குப் பதில் "இல்ல"தான். எழுத்துக்குப் பதில் சொல்ல அவங்க யோசிச்சே ஆகணும்.

👉 ஒரு ஆவணம்தான் இருக்குன்னா அதைச் சொல்லியே, நேர்ல வந்து பார்க்கச் சொல்லி எழுதுங்க.

👉 இன்சூரன்ஸ் கட்டாயம்னா, "அதையும் எழுதிக் கொடுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. யாரும் எழுதித் தர மாட்டாங்க.

👉 கணக்கு தொடங்கறதுக்கு முன்னாடி கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்குங்க. ஒரே வங்கியிலயே குறைஞ்ச இருப்பு போதும்ங்கற வகையும் இருக்கலாம். நாம கேக்காம அவங்க சொல்ல மாட்டாங்க.

👉 வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாள்ல பதில் இல்லன்னா, இல்ல பதில் திருப்தியா இல்லன்னா, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட போங்க. இலவசம், வக்கீல் வேண்டாம். விவரத்துக்கு 14448.

👉 எதுவும் புரியலன்னா நம்ம வார்டு அலுவலகத்துக்கு வாங்க. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு கேக்க மாட்டோம்.

போன வாரம் அக்கா ஷெட்டுக்குப் போயிருந்தேன். இப்ப நேரடி ஆர்டர் ஓடுது. பொங்கலுக்குள்ள இன்னொரு சிங்கர் வாங்கணும்னு திட்டம். சுவத்துல முருகன் காலண்டருக்குப் பக்கத்துல, பிளாஸ்டிக் உறைக்குள்ள ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு. அன்னைக்கு நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்த அந்த ரிசர்வ் வங்கிப் பக்கம். "எதுக்குக்கா இதை இன்னும் வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"அடுத்த சந்துல ரெண்டு பொம்பளைங்க மெஷின் போடறாங்க கண்ணு. அவங்களுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கணும்"னாங்க.

அந்த ஜெராக்ஸ்தான் இந்தப் பதிவு. நீங்களும் உங்க சந்துக்கு எடுத்துட்டுப் போங்க.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர், திருப்பூர்

#கணக்கு_எங்கள்_உரிமை
#குறுந்தொழிலுக்குப்_பூஜ்ய_இருப்பு
#வங்கியில்_தமிழ்